லீமாவின் உறக்கம்

லீமா ஜெர்மனிக்குப் போன மாசத்துக்கு அடுத்த மாசம், மத்தியானச் சோறு வடித்து இறக்கிய நேரத்தில், அவளுடைய உறக்கம் மட்டும் தன்னந்தனியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அப்போது, அக்காவின் வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வந்து நின்ற தங்கை பனிமேரி அடுக்களை வாசலில் குத்தவைத்து சாளை மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். முதலில் கண்டுபிடித்தது கோழிதான். மீன்குடலுக்காக அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்த கோழி, நின்ற இடத்திலேயே இறகைத் தளர்த்தி உட்கார்ந்து கண்ணை மூடியது. பிறகு தொட்டிலில் கிடந்த பனிமேரியின் கைப்பிள்ளை சிணுங்கலைப் பாதியில் நிறுத்தியது. பிறகு லீமாவின் மகள் அக்சி, அம்மா போன நாளிலிருந்து அரைக்கண் மூடி அரைக்கண் திறந்து கிடந்த ஐந்து வயசுப் பிள்ளை, உள்ளறையில் அம்மாவின் பாயில் கொஞ்சம் நகர்ந்து, யாருக்கோ இடம் விட்டுப் படுத்தது. பனிமேரி செதிள் ஒட்டிய கையோடு எழும்பிப் போய்ப் பார்த்தாள். பாயில் ஆளில்லாத பாதி, ஆள் கிடக்கிற மாதிரி அமுங்கியிருந்தது. தலையணையில் குழி விழுந்திருந்தது. டெட்டாலும் தேங்காயெண்ணெயும் கலந்த மணம் வந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது, ஒவ்வொரு மூச்சும் முடிகிற இடத்தில் மூக்கிலிருந்து ஒரு சின்ன விசில். கல்யாணம் ஆகிறவரைக்கும் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே ஒரே பாயில் படுத்தவள் பனிமேரி. அவளுக்குத் தெரியாதா.

"அக்கா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். உறங்குகிறவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்தானே. ஈ வராமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சத்தம் போடாமல் வந்து மீனைக் கழுவினாள்.

லீமா யாரென்று சொல்ல வேண்டும். குளச்சலுக்கு மேற்கே, கோயிலும் கொடிமரமும் தவிர மற்றதெல்லாம் பாதி மணலில் புதைந்து நிற்கிற அந்த ஊரில் நர்சுக்குப் படித்த முதல் ஆள் அவள்தான். மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருசம் நின்றவள், நரம்பு தெரியாத தடித்த கையிலும் ஒரே குத்தில் ஊசி இறக்குவாள் என்று பேர் வாங்கியவள். பெரிய புயல் அடித்து ஊரில் பல வீட்டுக்கு ஆள் திரும்பாமல் போன வருசம், அவளுடைய கணவன் கிளீட்டஸ் வெறும் உடம்பும் வெடித்த உதடுமாகக் கரை வந்து சேர்ந்தான். அன்றைக்கே அவள் நெஞ்சில் ஒன்று விழுந்துவிட்டது, இந்த மனுசனைப் போட்டை விட்டு இறக்க வேண்டும் என்று. இறக்குவதென்றால் அவன் கொண்டுவருவதை வேறொரு ஆள் கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் பஸ்ஸில் போகும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் வாயைக் கோணிக் கோணி அந்த ஜெர்மன் பாஷையைப் படித்தாள், தொண்டையில் முள் சிக்கிய மாதிரி ஒரு பாஷை. பரீட்சையில் தோற்று, மறுபடி தோற்று, பிறகு ஜெயித்தாள். போன இடத்தில் அவளுடைய படிப்பு பாதிதான் செல்லும் என்றார்கள். மீதியை அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இன்னொருத்தியின் கண்பார்வையில் வேலை செய்தே படித்து, கடைசியில் அவர்கள் வைக்கிற பரீட்சையில் நின்று காட்ட வேண்டும். காட்டினால் நர்ஸ். இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான், கிளீட்டசும் போட்டில்தான்.

அவள் உறக்கம் மட்டும் ஏன் திரும்பி வந்தது என்று யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கரையில் ஒரு பழக்கம் உண்டு. தூரதேசம் போகிறவர்கள் போகிற அன்று தங்கள் பாயைத் தங்கள் கையாலேயே சுருட்டி மூலையில் சாத்திவிட்டுத்தான் வாசல் தாண்டுவார்கள். வேறொரு கை சுருட்டினால் அது சாவுப்பாய். செத்தவர்களின் பாயைத்தான் பிறத்தியார் சுருட்டிக் கடலில் கொண்டு விடுவார்கள். கப்பலுக்குப் போனவன், கன்னியாஸ்திரீ மடத்தில் சேரப் போனவள், துபாய்க்குப் போனவன் எல்லாரும் சுருட்டிவிட்டுத்தான் போனார்கள். லீமாவும் சுருட்டக் குனிந்தாள். ஆனால் பாயில் அக்சி உறங்கிக்கொண்டிருந்தாள். தூக்கினால் முழிப்பாள், முழித்தால் அழுவாள், அவள் அழுதால் தன்னால் போக முடியாது என்று லீமாவுக்குத் தெரியும். வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான். குனிந்தவள் பாயின் ஓரத்தை ஒரு சாண் மடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வந்து சுருட்டிக்கிடுதேன்" என்று பனிமேரியிடம் சொன்னாள், ஏதோ கடைக்குப் போய்வருகிறவள் மாதிரி.

அப்படி விரித்தபடியே விட்ட பாய்க்குத்தான் அவள் உறக்கம் வழி தெரிந்து வந்தது. லீமாவுக்கு அங்கே ராத்திரி டூட்டி. டூட்டி முடிந்து அவள் அறைக்குப் போய்ப் படுக்கிற நேரம் இங்கே மத்தியானம். தினமும் அந்த நேரத்துக்கு உறக்கம் வரும், கோயிலில் சாயங்கால மணி அடிப்பதற்கு முந்தி எழும்பிப் போய்விடும். அக்சி அதன் வயிற்றுப்பக்கம் சுருண்டு கொள்வாள். கன்னம் ஒட்டிப்போயிருந்த பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தது. கேட்டதற்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். சோற்றுத் தட்டைத் தானே எடுத்து வந்து நீட்டினாள்.

பனிமேரி இதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் தன் பேரைக் கேட்டாலே சேலைத் தும்பை விரலில் சுற்றுகிறவள் அவள், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் பக்கத்து வீட்டு வியாகுலம் மாமி ஒரு மத்தியானம் வத்தல்மிளகாய் கடன் கேட்டு வந்தாள். மாமியின் மகன் புயலில் போனவன். அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் கிடையாது. வாசலில் ஓலைப்பாயைப் போட்டுக் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள், ஆட்கள் அவளிடம் மணி கேட்டுப் போவார்கள், அவள் கண்ணை மூடவே மாட்டாள் என்பதால்.

"ஏட்டி பனி, நாலு வத்தல் தா. குழம்பு கொதிக்குது."

"இந்தா எடுக்கேன் மாமி, உள்ள வா."

பனிமேரி வத்தலோடு திரும்பி வந்தபோது மாமி சுவரில் சாய்ந்து வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் குழம்பு அடிப்பிடித்துக் கரிந்து, அந்தப் புகை தெருவுக்கு வந்து, ஆட்கள் ஓடிப்போய் இறக்கி வைத்தார்கள். சாயங்காலம் முழித்த மாமி வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். பிறகு ஊரெல்லாம் போய்ச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் செருப்பு குவிந்தது. பல் முளைக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வந்தார்கள். இருமல்காரர்கள் வந்தார்கள். விடியவிடிய வலை இழுத்துவிட்டு வந்தும் உடம்பு அடங்காத ஆம்பிளைகள் தங்கள் பாயைக் கக்கத்தில் இடுக்கி வந்து, முற்றத்திலும் பூவரசு மரத்து மூட்டிலும் விரித்துக்கொண்டார்கள். உறக்கம் உள்ளறையில் கிடந்தாலும் அதன் மூச்சு வெளிவாசல் வரை எட்டும். யாரும் சும்மா வரவில்லை. ஒருத்தி நெத்திலி கொண்டுவந்தாள், ஒருத்தன் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தான்.

"லீமா இங்க நின்னப்ப ஊசிக்குப் பயந்து ஓடின பயலெல்லாம் இப்ப அவளுக்க பக்கத்துல படுக்க பாயோட வந்து நிக்கான்" என்று ஒரு கிழவன் சொன்னான்.

"மெதுவாச் சொல்லும். எனக்க பெண்டாட்டி அந்தச் சுவருக்கு அங்கிட்டுதான் கெடக்கா" என்றான் பக்கத்தில் பாய் விரித்தவன்.

கோயில் காரியம் பார்க்கிற இஞ்ஞாசி உபதேசியார் இது நல்லதா கெட்டதா என்று பார்க்கத் தீர்த்தக் குப்பியோடு வந்தார். செபத்தை ஆரம்பித்தார். பாதியில் குப்பியை நெஞ்சில் அணைத்தபடியே சரிந்து உறங்கிப்போனார். எழும்பினதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கெட்டது ஒண்ணும் இல்ல. ஆனா நாளைக்கும் ஒருக்கா வந்து பாக்கணும்" என்றார். ஊர் அதற்கேற்ப ஒதுங்கிக்கொடுத்தது. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் யாரும் மீன் பொரிப்பதில்லை. ஐஸ் பெட்டிக்காரன் பீப்பியை ஊதாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ஓட்டுக் கேட்டு வந்த ஜீப் மைக்கை அணைத்துவிட்டு, உள்ளே இருந்தவர் கும்பிட்ட கையோடு கொட்டாவி விட, மெதுவாகக் கடந்தது. நன்றாக உறங்கின சனத்துக்குச் சண்டை போட வேகம் வரவில்லை, வலை பங்கு வைக்கிற இடத்தில்கூட வாய்ச்சத்தம் குறைந்துபோனது. இப்படியே இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றியது. பனிமேரிக்கும் தோன்றியது.

ஆனால் லீமா போனில் வருவாளே. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவாள். ஒவ்வொரு தடவையும் அவள் கண் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. குளிர் என்றாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். ஒன்பது வருசம் ஊசி போட்ட கைக்கு, கை கழுவுவது எப்படி என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று சிரித்தாள். நோயாளியைத் தூக்க மெஷின் இருக்கிறது, அந்த மெஷினுக்குத் தனிப் பாடம், நோயாளியைக் கேட்காமல் அவர் போர்வையைத் தொடக்கூடாது என்பதற்குத் தனிப் பாடம். பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் நிறுத்திவிடுவாள். எங்கே விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. பனிமேரி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிரிக்கவில்லை.

"மாத்திரை மாத்திக் குடுக்கப் பாத்தேன் பனி" என்றாள். "ஒரே ரூமுல ரெண்டு கெழவம்மாரு, ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுப்பேரு. எனக்கு ரெண்டு கட்டிலும் ஒண்ணாத் தெரிஞ்சிட்டு. வாய்க்கிட்ட கொண்டு போயாச்சு. எனக்க மேலாளு கையப் பிடிச்சிட்டா."

"ஏசினாளா?"

"ஏசல்ல. அங்க யாரும் ஏச மாட்டாவ. இன்னொருக்கா நடந்தா படிப்ப நிறுத்தி அனுப்பிருவோம்ன்னு மெதுவாச் சொன்னா. அடுத்த மாசம் பரீட்சை." கண்ணைக் கசக்கினாள். "நான் இங்க வந்ததுல இருந்து உறங்கல்ல பனி. படுப்பேன். கண்ண மூடுவேன். சும்மா இருட்டா இருக்கும், அவ்வளவுதான்."

இத்தனை நாள் ஊரோடு சேர்ந்து தானும் யாருடைய உறக்கத்தைத் தின்றுகொண்டிருந்தோம் என்று அப்போதுதான் பனிமேரிக்கு உறைத்தது. மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டாள். "அது இங்க கெடக்கு அக்கா. உனக்க பாயில."

லீமா ஆச்சரியப்படவில்லை. காணாமல் போன சாவி எங்கே இருக்கிறதென்று கேட்ட மாதிரி தலையை ஆட்டினாள்.

"பிள்ளை அது பக்கத்துல படுக்குதா?"

"தினமும்."

"உறங்குதா?"

"நல்லா உறங்குது. சாப்பிடுது."

"அப்ப அங்கயே கெடக்கட்டு" என்றாள் லீமா.

பனிமேரிக்கு மனசு கேட்கவில்லை; உறக்கத்தை லீமாவிடமே அனுப்ப உபதேசியார்தான் ஒரு வழி சொன்னார். லீமா அங்கே வீடியோவில் கையை ஆட்டிச் சுருட்டட்டும், அதே மாதிரி பனிமேரி இங்கே சுருட்டட்டும், அப்போது அது லீமா சுருட்டின கணக்குதானே என்றார். லீமா ஒத்துக்கொண்டு, அங்கே தன் கட்டில் விரிப்பின் முன்னால் முட்டுப்போட்டு, வெறும் காற்றைச் சுருட்டினாள். பனிமேரியும் அவள் கையைப் பார்த்துப் பார்த்துச் சுருட்டினாள். பாய் சுருண்டு வந்தது. உறக்கம் அதோடு வரவில்லை. வெறும் சிமெண்டுத் தரையில் அப்படியே கிடந்து, விசில் மாறாமல் மூச்சு விட்டது. முற்றத்தில் காத்துக்கொண்டிருந்த சனம் மூச்சை விட்டது, நிம்மதியில்.

"கண்டியா" என்றாள் லீமா. "அதுக்கும் இங்க வர மனசில்ல." பாயை மறுபடி விரித்தார்கள், தரை குளிரக்கூடாதே என்று.

அந்த மாசம் கிளீட்டஸ் வந்தான். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற போட்டில் வேலை, பனிமேரியின் கணவனும் அதே போட்டில்தான், போனால் வர ஒன்றரை மாசம் ஆகும். வந்தவன் காலைக்கூடக் கழுவாமல் உள்ளறைக்குப் போய் நின்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு மெதுவாகப் படுத்து, அமுங்கிக் கிடந்த இடத்துக்கு மேலே, தொடாமல், கையை நீட்டி வைத்துக்கொண்டான். பனிமேரி கதவைச் சாத்தினாள். சாயங்காலம் வரை அந்த வீட்டுக்குள் அவள் யாரையும் விடவில்லை.

அவன் எழும்பி வந்து சாயா குடிக்கும்போது அவள் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "அத்தான், பாயைக் கடல்ல விடணும். இல்லாட்டா அக்கா அங்க விழுந்துருவா."

"உயிரோட இருக்கியவளுக்க பாயையா?"

"வேற வழியில்ல அத்தான்."

"எனக்க பெண்டாட்டிக்கு நானே சாவு சொல்லணுமா பனி?" அவன் குரல் ஏறவில்லை. "கடல்ல கெடக்கும்போ ஒரு மத்தியானமாவது அவ வீட்டுல உறங்குதான்னு நினைச்சுக்கிட்டுக் கெடக்கேன். அதையும் எடுத்துட்டா பெறவு எனக்கு என்ன இருக்கு. இருக்கட்டு. பரீட்சை தோத்தா தோக்கட்டு. வரட்டு."

"தோத்தா நீரு கடல்லதானே."

"நான் எப்பவும் கடல்லதானே" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளில் திரும்பிப் போனான். ஊரும் அதைத்தான் சொன்னது. பரீட்சை என்ன பெரிய பரீட்சை, அடுத்த வருசம் எழுதலாம் என்றார்கள். பாவம், பிள்ளையைப் பார் என்றார்கள். வியாகுலம் மாமி மட்டும் பனிமேரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியை விடுவித்துக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை வீடியோவில் லீமா வந்தாள். அக்சி போனைப் பிடுங்கி, விழுந்த பல்லைக் காட்டினாள். லீமா பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். அவள் உதடு ஒரு பேரைத் தேடி அசைந்தது, கிடைக்காமல் நின்றது, மறுபடி அசைந்தது.

"அம்மா, நான்தான்" என்றாள் அக்சி.

"ஆமா" என்றாள் லீமா. "ஆமா மக்களே." பேர் வரவில்லை. போன் அணைகிறவரை வரவில்லை.

மறுநாள் மத்தியானம் உறக்கம் வந்து படுத்து, அக்சி அதன் வயிற்றுப்பக்கம் சுருண்டு, முற்றத்தில் சனம் வரிசையாகக் கண்ணை மூடிய பிறகு, பனிமேரி உள்ளே போனாள். அவளுக்கும் கண் சொக்கியது. வாயில் ஒரு வத்தலைக் கடித்து வைத்துக்கொண்டாள். அக்கா செய்ய முடியாததை அவள் செய்தாள், பிள்ளையை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கிக் கொண்டுபோய்த் தன் கைப்பிள்ளையின் பக்கத்தில் கிடத்தினாள். பிள்ளை முழிக்கவில்லை. பிறகு திரும்பி வந்து, மண்டியிட்டு, கால்மாட்டிலிருந்து சுருட்டத் தொடங்கினாள். இந்த முறை உறக்கம் வழுக்கி இறங்கவில்லை. வேறொரு கை, சாவுக்குச் சுருட்டுகிற மாதிரி சுருட்டுகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கும். சுருளச் சுருளப் பாய் கனத்தது, நனைந்த வலையைத் தூக்குகிற மாதிரி தோளை இறக்கியது. உள்ளே அந்த விசில் கேட்டுக்கொண்டே இருந்தது.

தோளில் பாயோடு அவள் கடற்கரைக்கு நடந்தாள். நாலு பேர் பார்க்க நடக்காதவள் வெயிலில் ஊர் நடுவே நடந்தாள். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்கள். பாய் கொண்டு போகிறவர்களை வழிமறிக்கக் கூடாது, யாருடையதென்று கேட்கவும் கூடாது. அதனால் யாரும் மறிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவள் பாயை விட்டாள். அது மூழ்கவில்லை. அலைக்கு எதிரே, மேற்கே பார்த்து, யாரோ துடுப்புப் போடுகிற மாதிரி போனது. விசில் அலைச்சத்தத்தில் கரைகிறவரை நின்றாள். "கோவிச்சுக்கிடாத அக்கா" என்றாள். பிறகு பழக்கப்படி தலை முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அங்கே ஜெர்மனியில், டூட்டி முடிந்தும் தன் அறைக்குப் போகாமல் உடுப்பு மாற்றுகிற அறையில் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையாகவும் உட்கார்ந்திருந்த லீமா, அந்தப் பெஞ்சிலேயே சரிந்தாள். எழுப்பிப் பார்த்தார்கள். முடியவில்லை. டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, உறங்குகிறாள், விடுங்கள் என்றாராம். போர்வை கொண்டுவந்து போர்த்தினார்கள். மறுநாள்தான் முழித்தாள். முழித்தபோது அவள் தலைமுடி ஈரமாக இருந்தது, உதட்டில் உப்புக் கரித்தது.

இங்கே அக்சி முழித்தாள். வெறும் தரையைப் பார்த்தாள். தாத்தா செத்தபோது பாய் எங்கே போனதென்று பார்த்த பிள்ளை அவள். நனைந்த சேலையோடு நின்ற சித்தியைப் பார்த்தாள்.

"எங்கம்மைய செத்துப்போவச் செஞ்சிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல மக்களே. உறங்க விட்டிருக்கேன்."

அக்சி அழவில்லை. அந்தத் தரையில், பாய் கிடந்த அளவுக்குள் படுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நெடுநாள் சித்தி கையால் சாப்பிடவில்லை.

ஊரும் செய்வதறியாமல், தெரிந்ததைச் செய்தது. பாய் கடலுக்குப் போன வீடு என்பதால் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தார்கள், வந்து உட்கார்ந்து போனார்கள். லீமாவைப் பற்றிப் பேசும்போது, "லீமா இருந்தப்ப" என்று பேசினார்கள். அவள் போனில் வந்தால் குரலைத் தாழ்த்தினார்கள். தூரத்திலிருந்து அவள் கேட்கிற கேள்விகளுக்கு, கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் பேசுகிற மாதிரி, எல்லாரும் சுகம், நீ நிம்மதியாக இரு என்று பதில் சொன்னார்கள். வியாகுலம் மாமி மறுபடியும் வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். ஆட்கள் மறுபடியும் அவளிடம் மணி கேட்டுப் போனார்கள். பனிமேரியிடம் அவள் வத்தல் கேட்டு வரவே இல்லை.

லீமா பரீட்சையில் ஜெயித்தாள். முழு நர்ஸ் ஆனாள். வெள்ளை உடுப்பில், கன்னம் நிறைந்து, நெஞ்சில் பேரட்டையோடு அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். உபதேசியார் பெண்டாட்டி வந்தவள் கை பழக்கத்தில் அதற்கு ஒரு பிச்சிப்பூச் சரத்தைச் சார்த்திவிட்டுப் போனாள். பனிமேரி அதைக் கழற்றினாள். அந்த வருசமே கிளீட்டஸ் போட்டை விட்டு இறங்கி, கரையில் இன்ஜின் பழுது பார்க்கிற கடை போட்டான். எதற்காக எல்லாம் நடந்ததோ அது நடந்தது. மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து உள்ளறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான். பனிமேரியிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை, நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

அக்சி மட்டும், ஒரு மழைநாளில், காய்ச்சலில் கிடந்தபோது, தானாகவே நகர்ந்து வந்து சித்தியின் வயிற்றுப்பக்கம் சுருண்டாள். அதற்குப் பிறகு அங்கேதான் உறங்கினாள்.

லீமா முதல் லீவுக்கு வந்தபோது அக்சிக்கு எட்டு வயசு. கார் வந்து நின்றதும் தெரு கூடியது. யாரும் கிட்டே வரவில்லை. எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள், தரையில் படுகிறதா என்று. லீமா அதைக் கண்டுகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்றாள்.

"பதியுதா? நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். வியாகுலம் மாமி வந்து அவள் கன்னத்தைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். அக்சி சித்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கிளீட்டஸ் பெட்டியை இறக்கினான். விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி, "பிரயாணமெல்லாம் சுகமா?" என்று கேட்டான்.

அவளுக்குப் புதுப்பாய் வாங்கி வைத்திருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். படுத்தபடியே கிடந்தாள். மறுநாளும் அப்படித்தான். அடுத்த நாளும் அப்படித்தான்.

"வரல்லியா அக்கா?"

"வராது பனி. அது அங்க ரூமுல, சன்னல் பக்கம் கட்டில்ல கெடக்கும்." லீமா கூரையைப் பார்த்துச் சொன்னாள். "அடுத்த ரூமுல ஒரு பிலிப்பைன்ஸ்காரி உண்டு. பிள்ளைய விட்டுட்டு வந்தவ, ராத்திரியெல்லாம் நடந்துக்கிட்டே இருப்பா. கதவத் திறந்து வச்சிட்டுத்தான் வந்தேன். அவளாவது போய்ப் படுப்பா."

பனிமேரி அவள் காலைப் பிடித்துவிட்டாள். "என்னாலதான்" என்றாள்.

"உன்னாலதான்" என்றாள் லீமா. "உன்னாலதான் ரெண்டு கெழவம்மாரு உயிரோட இருக்காவ. நானும் இருக்கேன். நீ படு. எனக்கு முழிச்சிருக்கியது ஒண்ணும் புதுசில்ல, அதுதானே எனக்க வேல."

அதனால் லீவு முழுக்க லீமா வீட்டில் டூட்டி பார்த்தாள். ஊர் உறங்குகிற மத்தியானங்களில், சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, உறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிளீட்டஸின் நாடியைப் பிடித்துப் பார்ப்பாள். கைப்பிள்ளையாக இருந்து இப்போது நடக்கிற பனிமேரியின் மகனுக்கு விலகின சட்டையை இழுத்துவிடுவாள். போர்வையைத் தொடுவதற்கு முந்தி ஒரு கணம் கையை நிறுத்துவாள், அனுமதி கேட்கிற மாதிரி. பகலில் முழித்திருக்கும்போது அவளிடம் வராத அக்சியை, உறக்கத்தில் மட்டும் வேண்டியமட்டும் பார்ப்பாள்.

புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் கரண்ட் போயிருந்தது. பனிமேரி படுத்திருந்தாள், உறக்கம் வரவில்லை, ஆனால் அக்காவின் வேலையைக் கெடுக்க வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நடுவில் அக்சி. அந்தப் பக்கம் லீமா ஓலை விசிறியால் பிள்ளைக்கு வீசிக்கொண்டிருந்தாள். வியர்வையில் புரண்ட அக்சி, என்றும் இல்லாமல் அன்றைக்கு லீமாவின் பக்கம் திரும்பினாள். காலைத் தூக்கி அவள் மேல் போட்டாள், முகத்தைக் கொண்டுபோய் அவள் வயிற்றில் புதைத்தாள். விசிறி நின்றுவிட்டது.

"சித்தி" என்றாள் பிள்ளை, அரை உறக்கத்தில்.

பிறகு விசிறி மறுபடி அசையத் தொடங்கியது, பிள்ளை முழித்துவிடாதபடி மெதுவாக. தங்கையின் குரலைப் போலவே தன் குரலைத் தாழ்த்தி, லீமா "ம்" என்றாள்.